வழக்கமான சாப்பாடு

பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. காலையிலிருந்து பூண்டுக் குழம்பு வாசம் மெர்கோங்கில் என் வீட்டு ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கிறது. எனக்கு உன் ஞாபகம்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எண்பதுகளில் நம் ஆய்வுக்கூடத்தின் ஒரே கம்ப்யூட்டருக்கு நீதான் எஜமான். பால் கொடுக்கும் எஸ்டேட் தாய்மாரின் உடம்பு பி ஒன் வைட்டமினை எப்படிச் செலவழிக்கிறது, பிள்ளைக்குப் போதுமான அளவு போய்ச் சேருமா என்று அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் வீடு வீடாகக் கேட்டு வந்த பதில்களை நீ உள்ளே கொடுப்பாய். உடம்பில் சேர்வதும் கழிவதும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஒரே தாயின் கணக்கை மாற்றி மாற்றிப் பலமுறை போடும் உன் புரோகிராம்.

"தாயம் உருட்டுற மாதிரிதான் லா. எத்தன தடவ கெட்டது விழுதுன்னு பார்க்கிறோம்" என்பாய்.

கோலா கெத்தில் எஸ்டேட்டில் இருந்த உன் தங்கச்சியின் பதிலையும் போட்டாய். ஆபத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் நீதான் பால் சேர்க்காத தே ஓ வாங்கிக் கொடுத்தாய்.

அடுத்த வாரம் அவளைப் பார்க்கப் போனோம். பிள்ளை வாயைத் திறந்து முகம் சிவக்க அழுகிறது, சத்தமே வரவில்லை.

"சளி போலண்ணே" என்றாள்.

"நீ என்னம்மா சாப்பிடுற?" என்று கேட்டாய்.

"வழக்கமா சாப்பிடுறதுதான். இந்த அண்ணன்கிட்டயும் சொன்னேனே" என்று என்னைக் காட்டினாள்.

"பருப்பு?"

"பிள்ள பெத்தவளுக்கு யாருண்ணே பருப்பு குடுப்பா? சோறு, பூண்டுக் குழம்பு, கருவாடு. வழக்கம்தானே."

அவளுக்கு வழக்கம் என்றால் பத்தியம். நம் கம்ப்யூட்டருக்கு வழக்கம் என்றால் பருப்பு, பயறு, இறைச்சி எல்லாம் சேர்ந்த அன்றாடச் சாப்பாடு.

பி ஒன் போதாத பிள்ளைக்குக் குரல் அடைத்துப்போகும் என்பது நமக்குத் தெரியும். வாடகைக் காரைப் பிடித்து சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை போய்விடும் என்றே நினைத்தேன். நீ டாக்டரிடம் பத்தியத்தைச் சொன்னாய். பி ஒன் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. மறுநாளே மற்ற தாய்மாரிடமும் திரும்பப் போய்க் கேட்டோம்.

உன் தங்கச்சிக்கு அன்றிலிருந்து ஒரே பேச்சு: "எங்கண்ணன் கம்ப்யூட்டர்தான் என் பிள்ளையக் காப்பாத்துச்சு."

"இல்லம்மா, அது பயமில்லன்னுதான் சொல்லுச்சு" என்று நீயும் சலிக்காமல் மறுத்தாய். அண்ணனுக்குத் தன்னடக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதையே சொல்லி அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படித்தானேண்ணே?" என்று கேட்டாள்.

ஆமாம்மா என்றேன். நீ இருந்திருந்தால் என்னைச் சொல்ல விட்டிருக்க மாட்டாய்.