நிறை எண் 131

பிப்ரவரி 4, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. கழுத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அறுவை மருத்துவர் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். மெச்சட்டும், கோடு நேராகத்தான் இருக்கிறது. தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டார்களாம். ஆனால் புற்று கண்ணுக்குத் தெரியாமல் எதையாவது மிச்சம் வைத்திருக்கலாம். அதற்காக ஒரு மாத்திரை விழுங்கிவிட்டுச் சில நாள் தனியறையில் இருக்கவேண்டும் என்றார்.

"அந்த மாத்திரையில என்ன இருக்கு, டாக்டர்?"

"அதெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

என் கணவர் படுக்கையில் கிடந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். அவர் போய்விட்டார்.

எனக்குப் புரியாததை நான் விழுங்குவதில்லை என்று சொன்னேன். மாத்திரைக்குத் தேதி குறித்து, அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார்.

வெளியே என் நாத்தனார், காத்திருந்த அத்தனை பேரின் வியாதியையும் அதற்குள் விசாரித்து முடித்திருந்தாள். அவள் அண்ணன் இருந்த காலத்திலேயே அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். இப்போது வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஒலிபரப்பு முழுக்க எனக்கே.

பிப்ரவரி 6, வியாழன்

எழுதுபொருள் கடையில் தனிம அட்டவணை ஒன்று வாங்கி, சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ரேடியோ தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, தியேட்டர் சீட்டுப் படம் மாதிரி? நம்ம சீட்டு எது?"

"அம்பத்தி மூணு. அயோடின்."

"ஓரத்துக்குக் கிட்டத்தான். படம் நல்லா இல்லன்னா எழுந்து போக வசதி."

கான்வென்ட்டில் அறிவியல் எடுத்த சிஸ்டர் சொன்னது இன்னும் மறக்கவில்லை. அணு எண் எத்தனையோ அத்தனை புரோட்டான். மின்னூட்டம் இல்லாத அணு என்றால் எலக்ட்ரானும் அத்தனையே. நிறையிலிருந்து புரோட்டானைக் கழித்தால் நியூட்ரான். இதைச் சொல்லத் தெரியாதவளைப் பெஞ்சின் மேல் ஏற்றிவிடுவார். நான் ஒருமுறையும் ஏறியதில்லை.

அயோடின். புரோட்டான் 53. எலக்ட்ரான் 53. அட்டவணையில் அணு நிறை 126.90, முழு எண்ணாக்கினால் 127. ஆகவே நியூட்ரான் 74.

ஆனால் ஆஸ்பத்திரித் தாளில் 'நிறை எண் 131' என்றிருக்கிறது. அப்படியானால் நியூட்ரான் 78. கூடுதலாக நான்கு! எங்கிருந்து வந்தன? திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தேன். நான்குதான்.

அதே தாளில் 'சுறப்பி' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஓர் எழுத்தைச் சரியாகப் போடத் தெரியாதவர்கள் எண்ணை மட்டும் சரியாகவா போட்டிருப்பார்கள்? சிவப்பு மையால் இரண்டையும் திருத்தினேன். 131-ஐ அடித்து, மேலே 127.

பிப்ரவரி 10, திங்கள்

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகப்பில் இருந்த பெண் சிவப்பு மையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத நீங்களே திருத்தினீங்களா மேடம்?"

"தப்பு இருந்தா யாராவது திருத்தணுமில்ல? இது சரியாகற வரைக்கும் நான் மாத்திரை சாப்பிடறதா இல்ல."

"அப்ப உங்க தேதிய வேற ஒருத்தருக்குக் குடுத்துடவா?"

"தாராளமா."

நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மழை. எழுத ஒன்றுமில்லை. விரலால் கழுத்தைத் தடவினால் ஓரிடத்தில் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. தையல் போட்ட இடமாகத்தான் இருக்கும் — வேறென்ன?

பிப்ரவரி 15, சனி

மாத்திரைக்கு முன்னால் அயோடின் சேர்த்த உப்பைத் தொடக்கூடாது என்று அந்தத் தாளிலேயே இருந்தது. உடம்பை அயோடினுக்குப் பட்டினி போடவேண்டுமாம். தேதியை விட்ட பிறகும் சாப்பாட்டில் அதே மந்தமான ருசி. சமையலறையில் பார்த்தால், அயோடின் கலக்காத கல்லுப்பு புதிதாக ஒரு பொட்டலம்.

"தேதியத்தான் விட்டாச்சே. இன்னும் எதுக்கு இந்த உப்பு?"

"நீங்க விட்டீங்க அண்ணி. நான் விடல."

"உனக்கென்ன தெரியும்? அவங்க கணக்கு தப்பு."

"கணக்க யாரு கேட்டா? பயமா இருக்கா?"

"தப்புன்னு சொல்றேன், காதுல விழலயா?"

"அண்ணனும் இப்படித்தான். வலிக்குதாண்ணான்னு கேட்டா மணி எத்தனைன்னு கேப்பாரு." கரண்டியை விட்டெறியாத குறையாகக் கீழே வைத்தாள். "நல்ல ஜோடி!"

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பயமா? எனக்கா?

மாத்திரையைக் கொடுத்ததும் எல்லாரும் வெளியே போய்க் கதவை மூடிவிடுவார்கள். அவர் போன அறையின் கதவும் மூடித்தான் இருந்தது. உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலியே. கடைசி வரைக்கும் சொல்லலியே! எனக்குள்ள போறது என்ன, அதுல எது எத்தனை — அதையாவது நான் தெரிஞ்சுக்கக் கூடாதா? அது ஒண்ணுதானே கேட்டேன்?

ஆமாம். பயம்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாத்திரை கொடுக்கும் பிரிவின் மருத்துவர் என்னைப் பார்க்க வேண்டுமாம். நடுத்தர வயதுப் பெண்மணி. மேசையில் என் சிவப்பு மைத் தாள். சிரிக்கப்போகிறார் என்று தயாராக உட்கார்ந்தேன். சிரிக்கவில்லை.

"சுரப்பி தப்புதான். மாத்தச் சொல்லிட்டேன். ஆனா எண் தப்பு இல்லம்மா. உங்க வீட்டு அட்டவணையில என்ன போட்டிருக்கு? நிறை எண்ணா, அணு நிறையா?"

"அணு நிறை" என்று சொல்லி வாயை மூடுமுன் எனக்கே உறைத்துவிட்டது.

இரண்டும் ஒன்றல்ல. அணு நிறை, இயற்கையில் கிடைக்கிற அயோடினுக்குப் பொதுவான எடை. நிறை எண் என்பது குறிப்பிட்ட ஓர் அணுவின் புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்து எண்ணிய எண். கான்வென்ட்டில் நான் படித்தது ஆங்கிலத்தில். இந்தத் தமிழ்ச் சொற்கள் பிறகு நானாகப் படித்துச் சேர்த்துக்கொண்டவை. இரண்டிலும் 'நிறை' இருக்கக் கண்டு, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். ஊரார் தமிழையெல்லாம் திருத்துகிற நான்! பெஞ்சின் மேல் ஏறி நிற்பதுபோல் இருந்தது.

"இது அணு உலையில தயாராகற அயோடின். அந்த நாலு நியூட்ரான் அதிகம்தான்" என்றார். "புரோட்டான் அதே அம்பத்தி மூணுங்கறதால உடம்பு வித்தியாசம் தெரியாம வாங்கிக்கும். தைராய்டு செல்லு எலக்ட்ரானைத்தான் பாக்கும், அணுக்கருவுக்குள்ள எட்டிப் பாக்காது. ஆனா அந்தக் கருவால அப்படியே நிலைச்சு நிக்க முடியாது. ரேடியோ ஆக்டிவ்ங்கறது அதான். அது சிதையும்போது வெளிய வர்ற கதிர்தான் மருந்து. ஆக, புரோட்டான் அம்பத்தி மூணு, நியூட்ரான் எழுபத்தெட்டு, எலக்ட்ரான் அம்பத்தி மூணு."

"மாத்திரையில அயோடின் தனியா இருக்கா, உப்பாவா?"

"உப்பா. சோடியம் அயோடைடு."

"அப்ப சோடியத்துகிட்ட ஒண்ணு வாங்கியிருக்குமே. எலக்ட்ரான் அம்பத்தி நாலு."

பேனாவைக் கீழே வைத்தார். "ஆமாம்மா. நான் விட்டுட்டேன்."

பெஞ்சிலிருந்து இறங்கினேன்.

"கதவு மூடியிருக்குமா?" என்று கேட்டேன். என் குரல்தானா அது?

"மூடித்தான் இருக்கும். உள்ள போன் இருக்கு. காலையிலயும் சாயங்காலமும் நானே பேசறேன். கதிரளவு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எண்ணோட சொல்றேன்."

"பாத்துக்கறோம்னு சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

புதுத் தேதி எழுதினார். "உப்புக் கட்டுப்பாட்ட விட்டுடலயே? விட்டிருந்தா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"விடல" என்றேன். யார் விடவில்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ரேடியோவிடம் சொன்னேன், இரண்டையும் — எண் சரி என்பதையும், எனக்குப் பயம் என்பதையும். "முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கியிருப்போம்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

நாளை காலை. அறைக்குள் போகும் பொருள் உடனே திரும்பி வராதாம், கதிர் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இந்த டைரி மேசை இழுப்பறையில் இருக்கட்டும். துணி மடித்தாயிற்று. கண்ணாடி, பல் துலக்கி. வேறு என்ன?

நான் வராவிட்டால் — வேண்டாம். எழுதமாட்டேன்.

மார்ச் 1, சனி

வந்துவிட்டேன்.

மாத்திரை ஈயக் குடுவையில் வந்தது. பார்த்தால் சாதாரண ஜலதோஷ மாத்திரை. ஒரு மிடறு தண்ணீர். எல்லாரும் வெளியே போனார்கள். கதவு மூடியது. அந்தச் சத்தத்தை இங்கே எழுதமுடியவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். அயோடின் சிதையும்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. 78 போய் 77. 53 போய் 54. அந்த மாற்றத்தில் கருவிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்து ஓடுகிறது. மிச்சமிருக்கும் புற்றைச் சுடுவது அதுதான். ஐம்பத்து நான்கு புரோட்டான் என்றால் அது அயோடினே அல்ல, செனான். சோடியத்திடம் வாங்கிய ஒன்றோடு வெளியே எலக்ட்ரானும் 54. கடன் இல்லை, மிச்சம் இல்லை. சரியாக நின்றது. நின்றதும் அழுதேன். அவரை நினைத்துத்தான்.

மருத்துவர் சொன்னபடி காலையிலும் மாலையிலும் பேசினார். எண்ணோடு.

வீட்டிலும் சில நாள் தள்ளித்தான் இருக்கவேண்டும். ரேடியோ கூடத்தின் மறுகோடியில் நாற்காலி போட்டுக்கொண்டு கத்துகிறாள்.

"இத்தனை வருஷம் என்ன ரேடியோன்னீங்களே அண்ணி! இப்ப யாரு ரேடியோ?"

சிரித்தால் கழுத்து இழுக்கிறது. இருந்தாலும் சிரித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

உடம்பு முழுக்க ஸ்கேன் படம் எடுத்தார்கள். கழுத்தில் மட்டும் சிறு புள்ளியாக ஒளிர்ந்தது. நுரையீரலில் இல்லை, எலும்பில் இல்லை, வேறெங்கும் இல்லை. அந்தப் புள்ளியில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். அதற்குமேல் அவர் எதுவும் உறுதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் ரேடியோ மறுகோடியிலிருந்து கேட்டாள்: "அது வேற ஒண்ணா மாறிடும்னீங்களே, அது உள்ளயே கிடக்குமா?"

"செனானா? அது வாயு. யாரோடயும் ஒட்டாது. ரத்தத்தோட நுரையீரலுக்கு வந்து மூச்சுல போயிடும்."

"இப்பவும் போயிட்டிருக்கா?"

"போயிட்டுத்தான் இருக்கும்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்துவந்து, என் நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னலை விரியத் திறந்து கொக்கி மாட்டிவிட்டு, தன் கோடிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.