பாட்டு மிஸ்ஸின் ஏழு படிகள்

அன்புள்ள மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றிவிட்டதால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, எனக்கு வயிற்றெரிச்சல் மட்டும்தான், அது மருந்தில் தீரும் வகை அல்ல. குட்டியை அடுத்த வருஷமும் அந்தப் பாட்டு வகுப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டாய், "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்பா" என்றும் சொன்னாய். நான் பதில் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசினேன், நீயும் விட்டுவிட்டாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், ஒன்றை இரண்டாம் தடவை கேட்கமாட்டாய், அப்பா சொன்னதைத் தாண்டவும் மாட்டாய்.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு முதல் ஸ்வரம் சொல்லிக்கொடுத்தவன் நான். சனிக்கிழமை காலையில் குளித்து, சட்டை மாற்றி, போனைச் சுவரில் சாய்த்துவைத்து, பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக உட்காருவதுபோலவே உட்காருவேன். நான் தாளம் போட அவள் பாட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு பிந்தியே வந்தாள். "தாளம் உதைக்குது, மறுபடி பாடு" என்று நானும் விடாமல் சொன்னேன், அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அடுத்த வாரமே உன் தெருமுனையில் இருக்கும் அந்த மிஸ்ஸிடம் சேர்த்துவிட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு ஒருநாள் குட்டி போனில் வந்து, "தாத்தா, போன்ல சத்தம் லேட்டாத்தான் வருமாம், மிஸ் சொன்னாங்க, நீங்க ஒண்ணும் தப்பாத் தட்டலியாம்" என்கிறாள். ஆக, இத்தனை நாளும் தாளம் தப்பியது தாத்தாவுக்குத்தான் என்று அது நினைத்திருக்கிறது! தலை நரைக்கும்வரை ஊர்ப்பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஐந்து வயது வாண்டு மன்னிப்பு வழங்குகிறது, அதுவும் மிஸ்ஸின் சிபாரிசில். நீ கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள், இந்தத் தாமதம் உனக்குத் தெரியாதா? தெரிந்தும் அப்பாவிடம் சொல்ல பயமா, இல்லை அப்பாவை நிறுத்த இதுதான் சாக்கா?

வகுப்பில் எடுத்த வீடியோக்களை நீ அம்மாவுக்குத்தான் அனுப்புகிறாய். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். அந்த மிஸ் விரல் நுனியால் கதவைத் தட்டினால் பிள்ளைகள் பூனை நடை நடக்கிறார்கள், உள்ளங்கையால் தட்டினால் யானை நடை, இதுதான் மெல்லிய ஓசைக்கும் பெரிய ஓசைக்கும் பாடமாம். பிறகு ஏழு பிள்ளைகளை மாடிப்படியில் படிக்கு ஒருவராக உட்காரவைக்கிறாள். கீழ்ப்படி ச, அதற்கு மேல் ரி, யார் தலையைத் தொடுகிறாளோ அந்தப் பிள்ளை தன் ஸ்வரத்தைப் பாட வேண்டும். நான் சுருதிப்பெட்டியைப் போட்டு ஒரு மாதம் ச மட்டும் பாடவைப்பவன், பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவன். அவள் எங்கே படித்தாள் என்று விசாரித்தாயா? ஐந்தாம் படியில் நம் குட்டி, மிஸ்ஸின் கை தன் பக்கம் வருமா என்று வாயைத் திறந்தபடி காத்திருந்தாளே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் எதிரில் அந்த வாய் திறக்க நான் கெஞ்ச வேண்டியிருந்தது. "ஏங்க, பேத்தி பாடுறா, நீங்க எதுக்குப் பல்லைக் கடிக்கிறீங்க" என்று உன் அம்மா கேட்டாள்.

மறைத்துப் பழக்கமில்லாததால் இதையும் எழுதுகிறேன். அதெல்லாம் வெறும் விளையாட்டு, பாடம் ஆகாது என்று நிரூபிக்கத்தான் போன வியாழக்கிழமை என் சாயங்கால வகுப்பையும் நம் வீட்டு மாடிப்படியில் உட்காரவைத்தேன். பல் டாக்டரின் மகள் ஒருத்தி இருக்கிறாள், ப பாடச் சொன்னால் எங்கேயோ போய் இறங்குவாள். அவளைத்தான் வேண்டுமென்றே ஐந்தாம் படியில் வைத்தேன். தலையைத் தொட்டதும் ப-வை அப்படியே பிடித்தாள், திரும்பத் தொட்டேன், அசையவில்லை, விட்டால் படியிலிருந்து விழுந்துவிடுவோம் என்று நினைத்தாளோ என்னவோ. நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே செருப்பு மாட்டுகிற கூட்டம், அன்றைக்கு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மாடியில் துணி எடுக்கப் போயிருந்த உன் அம்மா கூடையோடு மேலேயே நின்று, "வாத்தியாரே, பாட்டு படியேறி வந்துருச்சு, நான் எந்த வழியா இறங்குறது" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அந்த இரவு சாப்பாடு இறங்கவில்லை. இதை அந்த மிஸ்ஸுடைய வெற்றி என்று நினைத்துவிடாதே. பாடினது என் பிள்ளைகள், படி என் வீட்டுப் படி.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: குட்டியை அந்த வகுப்பிலிருந்து நிறுத்திவிடு. தொண்டை கட்டிக்கொள்ளும்படி அவளைக் கத்தவிடாதே, ஐஸ் தண்ணீர் கொடுக்காதே, மாப்பிள்ளையிடம் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டவேண்டாம் என்று சொல், அம்மாவின் முழங்காலுக்கு அனுப்புவதாகச் சொன்ன தைலத்தை மறந்துவிடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவர் கூப்பிட்டால் ஒருவருக்கு உடனே கேட்கும் தூரத்தில் நெடுநாள் வாழ வேண்டும்.

இதற்குக் கீழே அப்பா என்று போட வேண்டும். போட்டால் நீ அப்படியே செய்வாய், எனக்குத் தெரியும், ஏன் என்றுகூடக் கேட்கமாட்டாய், நாளைக்கே போய்க் குட்டியைப் படியிலிருந்து தூக்கிக்கொண்டு வருவாய். இரண்டு தடவை பேனாவை எடுத்துவிட்டேன், கை ஓடவில்லை. எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், அவ்வளவு பெரிய மனசு எனக்குக் கிடையாது. அதனால் இருக்கிறபடியே உறையில் போட்டுத் தபாலில் சேர்க்கப் போகிறேன், கையெழுத்து இல்லாமல். ஆபீசில் வேலை பார்க்கிறவள் நீ, கையெழுத்து இல்லாமல் வருகிற உத்தரவை என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.