பால்கனியில் சிவப்புத் துண்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது.

பேசாமல் கையெழுத்துப் போடும்மா, கீழே இருக்கிற டான்ஸ் ஹாலை மூடட்டும், இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கு என்று போனில் சொன்னாயே, நான் போடவில்லை. கோபப்படாமல் மீதியைப் படி. எதிரே புதிதாகக் குடிவந்தவர்கள் நகராட்சிக்கு மனு எழுதி என்னிடம்தான் முதலில் வந்தார்கள். ஹாலுக்கு முன்பிருந்தே இங்கே இருப்பது நான் ஒருத்திதான் மிச்சம், நான் போட்டால் மூடியே தீருமாம். இந்தத் தெருவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? நாங்கள் வந்தபோது இருபுறமும் சாக்குக் கிடங்கு, பொழுது சாய்ந்தால் நாய்கூட வராது. அச்சகத்து இரண்டாம் ஷிப்ட் ஆட்களுக்காக ஒருத்தி டீக்கடை போட்டாள், கடைக்கு ரேடியோ வந்தது, ரேடியோ கெட்டுப்போன அன்று உன் அப்பா டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றார். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான், எந்நேரமும் பையில் சீப்போடு திரிந்ததால் சீப்பு என்றே நாம் கூப்பிடும் அந்த ஆள் ஒரு கிடங்கைப் பிடித்து ஹாலாக்கி கலர் பல்பு மாட்டினான், தெரு முழுக்க வெளிச்சம் வந்தது. கூட்டம் சேர்த்தது உன் அப்பா, பலகையில் மட்டும் அவன் பேர்.

நீ பிறந்த வியாழக்கிழமை, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஹாலுக்கு வாசிக்க ஒரு மணி நேரம் தாமதமாகப் போனதற்கு, "பெத்தது நீயா, உன் பொண்டாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு வேலையை விட்டு அனுப்பினான். பச்சைச் சட்டை, பையில் சீப்பு, இப்போதும் கண்ணில் நிற்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக அவன் எதிரே வந்தால் சுவரைத்தான் பார்க்கிறேன். ஆனால் உன் மூன்று வயது ஜுரமும் மறக்கவில்லையே. சத்தத்தில் நீ தூங்கவில்லை என்று பால்கனியில் சிவப்புத் துண்டு கட்டினேன், ஹால் டிரம்காரர் பார்த்துவிட்டு டிரம்முக்குக் கம்பளி போர்த்தி ஒன்பது ராத்திரி வாசித்தார். பிறகு யார் வீட்டில் நோய் என்றாலும் துண்டு, துண்டு தெரிந்தால் கம்பளி என்று ஆகிவிட்டது. அந்தக் கம்பளியை வாங்கிக் கொடுத்தவன் சீப்பு என்று பிற்பாடு தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மனு கொண்டுவந்தவர் வீட்டில் கைக்குழந்தை, தூக்கமே இல்லையாம், பாவம். என் பழைய சிவப்புத் துண்டைக் கொடுத்து பால்கனியில் கட்டச் சொன்னேன். "துண்டு கட்டினா சத்தம் கொறையுமா பாட்டி, விளையாடறீங்களா?" என்றார். ஒரு ராத்திரி பாருங்கள், குறையாவிட்டால் நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் என்ன, நான்தானே கீழே போகவேண்டும்? மத்தியானம் போனேன். நாற்காலியெல்லாம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. சீப்புக்கு ஒரு முடி இல்லை, பையில் சீப்பு மட்டும் இருக்கிறது. எதிர்வீட்டில் துண்டு தொங்கும், கம்பளி இருக்கிறதா என்று கேட்டேன். "பத்திரமா இருக்குக்கா" என்றான். "உன்னை மன்னிக்க வரல" என்றேன். "தெரியும்க்கா, நீங்க சுவத்தப் பாத்தே பேசுங்க" என்கிறான்!

அன்று ராத்திரி சத்தம் அமுங்கிப்போனது. குழந்தை தூங்கிவிட்டது, காலையில் மனுவை என் கண் முன்னாலேயே கிழித்தார்கள். எனக்குத்தான் விடிய விடியத் தூக்கமில்லை. சத்தம் அமுங்கினால் உனக்கு ஜுரம் என்றுதானே இந்த உடம்புக்குத் தெரியும்? இருட்டில் கை உன் நெற்றியைத் தேடிக்கொண்டே இருந்தது.

எல்லாரும் நூறு வருஷம் நோய்நொடியில்லாமல் இருங்கள். பேரனுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னிடம் மறைக்காதே. பதில் எழுதும்போது சீப்பை விசாரித்ததாக மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா