சீப்பு நின்ற இடம்

ஜூன் 4

அன்புள்ள பாட்டுக்காரனுக்கு,

வழக்கமான நலம் விசாரிப்புக்கு இன்று மனம் ஒப்பவில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிறன்று முடிதிருத்தும் கடையில் அமர்ந்திருந்தபோது, நீ இசையமைத்த ஷாம்பு விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது. அந்த மெட்டு, என் மகள் வாண்டுக்குத் தினமும் காலையில் தலை வாரும்போது நான் முனகியது. வேலையின்றி எங்கள் முன்னறையில் நீ தங்கியிருந்த மூன்று மாதமும் அதைக் கேட்டிருக்கிறாய். அவள் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் ஒருமுறைகூட நான் அதை முனகியதில்லை.

தற்செயலாக அமைந்தது என்று நீ சொல்லக்கூடும். மூன்றாம் அடியின் நடுவே ஒரு நிறுத்தம் வருகிறதே, அது இசை அல்ல. சீப்பு சிக்கில் மாட்டி, அவள் "ஆ... மெதுவாப்பா!" என்று கத்தும் இடம். அதையும் விடாமல் எடுத்திருக்கிறாய்.

'இம்மெட்டு முழுவதும் இசையமைப்பாளரின் சொந்தப் படைப்பு' என்ற ஷரத்தை, விளம்பர நிறுவனத்துடன் நீ செய்த ஒப்பந்தத்தில் எழுதியவன் நான். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதே. மெட்டைக் கேளாமலே எழுதினேன். வேறு எந்தக் கட்சிக்காரருக்கும் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

விளக்கம் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வக்கீல்


ஜூன் 11

டேய் வக்கீலு,

கவரைப் பாத்ததும் நோட்டீஸ்னு நெனச்சேன். நோட்டீஸே தேவலாம்டா.

பொய் சொல்லலை. தெரிஞ்சுதான் போட்டேன். நான் போட்ட மெட்டெல்லாம் தள்ளிட்டாங்க. "ஒரு அப்பா பொண்ணுக்குத் தலை வார்ற மாதிரி வேணும்"னாங்க. எனக்குத் தெரிஞ்ச அப்பா நீ ஒருத்தன்தானேடா! கேட்டா வேணாம்பே, அதான் கேக்கலை. கையெழுத்துப் போடறப்போ "எங்கே, பாடிக் காட்டு"ன்னே. தொண்டை கட்டியிருக்குன்னேன். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, ஓடிப்போய் வெந்நீர் வச்சுக் குடுத்தா. குடிச்சேன். அது இன்னும் சுடுது.

ஆனா வாண்டோட பாட்டு ஊரெல்லாம் கேக்குதே, அது தப்பாடா? தங்கச்சி என்ன சொல்றா?

உன் பாட்டுக்காரன்


ஜூன் 20

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

வழக்குத் தொடரும் எண்ணமில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை எதுவும் கிடையாது, நான் எழுதியது. தங்கள் கோப்புகளைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளவும். இனி எனக்கு எழுத வேண்டாம்.

என் மனைவி என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். விளம்பரம் வரும் வேளைகள் அவளுக்கு மனப்பாடம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நான் தடுக்கவில்லை, ஒன்பது ஆண்டுகளாக அந்த மெட்டை இந்த வீட்டில் ஒலிக்கவிடாதவன் நான்தானே.

நேற்று நானும் பக்கத்தில் அமர்ந்தேன். மெட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். வாண்டுக்குச் சுருட்டை முடி. எண்ணெய் தேய்த்தாலும் படியாது. ஆனால் என் கண்ணுக்குள் வந்தது நீளமாக, வழுவழுப்பாக, அந்த விளம்பரக் குழந்தையின் முடி. எவ்வளவு முயன்றும் அது விலகவில்லை.

கண்ணைத் திறந்தேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் அந்த நீள முடிதான் வருதா?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்