களிம்பு போன காசு

உங்கள் நாணயப் பெட்டியைக் கொண்டுபோக, உங்கள் கூட்டாளி சுகுமாரன் சார் இன்று காலை கரமனையில் நம் வீட்டுக்கு வந்தார். கடைசி நாளில் நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி அதை, பழைய நாணயம் சேர்க்கிற உங்கள் கூட்டத்துக்கே கொடுக்கிறேன். திறந்ததும் அந்த ரோமக் காசுதான் கண்ணில் பட்டது. அகஸ்டஸ் காலத்து வெண்கலம். இப்போது வெறும் மொழுக்கைத் தகடு.

இருபது வருடத்துக்கு முன் திருவிதாங்கூர் சக்கரக் காசுகள் ஒரு பிடியைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வந்தீர்கள். "தங்கக்காசெல்லாம் வியாபாரிக்கு. இது ரோமாபுரியில கறிகாய் வாங்கின காசாக்கும்" என்று என்னிடம் நீட்டினீர்கள். பச்சைக் களிம்புக்குள் ஒரு முகம், பின்பக்கம் இரண்டு பெரிய எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் காட்டப்போவதாக வாரம் முழுக்க அதே பேச்சு.

சனிக்கிழமை பூஜைப் பாத்திரங்களுக்குப் புளி பிசைந்தேன். மேசைமேல் கிடந்த காசையும் சேர்த்துத் தேய்த்தேன். களிம்பு என்றால் எனக்கு விஷம். அந்தக் காசுக்கு அதுதான் தோல் என்று யார் கண்டது? களிம்போடு பாதி முகமும் எழுத்தும் போய்விட்டன.

ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தீர்கள். "ராஜாவை நன்னாக் குளிப்பாட்டிட்டயா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"அழுக்கை ஆத்துல வச்சிருந்தா தேய்க்காம என்ன பண்றது?" என்றேன். தப்பு என்று தெரிந்தது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உங்கள் பெண்டாட்டியின் வீம்பு ஊரறிந்ததுதானே.

சுகுமாரன் சார் அந்தக் காசை எடுத்ததுமே சிரித்தார். "மாமி, அன்னிக்கு மீட்டிங்கில சார் எழுந்து நின்னு, 'புத்தியில்லாம நான்தான் புளி போட்டுத் தேச்சுட்டேன்'னு சொன்னாரு. எல்லாரும் களியாக்கி, கேலி பண்ணிச் சிரிச்சோம். அதுக்கப்புறம் சார் கையில காசு கொடுக்கவே எல்லாருக்கும் பயம், கேட்டோ!"

இருபது வருடம். அந்தக் கேலியை வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிறுதோறும் என்னிடம் காபி கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தேச்சது அவர் இல்லை. நான்" என்றேன்.

சுகுமாரன் சாரின் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யோ மாமி... நான் மத்தவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே வந்து சொல்றேன்."

வருகிற ஞாயிறு பழவங்காடிக்கு பஸ் ஏறி உங்கள் கூட்டத்துக்குப் போகப்போகிறேன். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். உங்களிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு மட்டும் என்னிடமே இருக்கிறது. அதை நான் எங்கே போய்க் கேட்பேன்?