கண்ணாடியில் தெரியாத தண்ணீர்

கேபின் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
ஜூலை 19, ஞாயிறு

அன்பு மகள் டிரெஸ்ஸாவுக்கு,

இங்கே நானும், பக்கத்து வீட்டில் உன் ஓமா சித்தியும், நீ விட்டுப்போன கிழட்டு நாயும் சுகம். அங்கே அந்தப் பாலைவன வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். தண்ணீர் நிறையக் குடி, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய், போனில் நீ ஒரு தரம் அம்மா என்று இழுத்தால் எல்லாவற்றுக்கும் சரி என்றுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மே மாதம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “இன்னும் எத்தனை வருஷம்மா அந்த டிக்கெட் ஜன்னல்ல ஒண்டியா உக்காந்திருப்பே? வீட்ட வித்துட்டு இங்க வந்துடேன்”னு கேட்டாய். உன் அப்பா போன பிறகு இரண்டு பனிக்காலம் தனியாகக் கழித்தவள் நான். நம் மலை ரயிலின் நீராவி எஞ்சினில் கரி போட்டுத் தண்ணீர் பார்க்கிற ஃபயர்மேன் வேலைக்குப் பரீட்சை கொடுத்துப் பார்க்கிறேன், தேறாவிட்டால் டூசானுக்கு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் கரி அள்ளப் போகிறாளாம் என்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஓமா அதற்கு மேல், “வீட்டு அடுப்பு பத்தலேன்னு ரயில் அடுப்புக்குப் போறியாக்கும்”னு தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் கண்ணே. ஜூன் மாதமே ஒரு தடவை தோற்றேன். பரீட்சை வைக்கிறவன் யாரென்று நினைக்கிறாய், உன்னோடு படித்த கேலன் டில்லிதான், இப்போது அவன் தலைமை டிரைவர். நம் வீட்டுச் சோள ரொட்டியைத் தின்று வளர்ந்தவன், கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வான் என்று நினைத்தேன். மரம் வெட்டிய நாளில் போட்ட தடம்தானே, மலை செங்குத்து. முதல் ஏற்றத்தில் எஞ்சின் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். அப்போது பாய்லர் தண்ணீரெல்லாம் பின்னால் நாங்கள் நிற்கிற பக்கம் சாய்ந்து, தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் முக்கால் நிறைந்து காட்டும். நான் அதைப் பார்த்துப் பூரித்துப்போய்த் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டேன். மேலே தடம் முடிகிற முனையில் நின்று, அடுத்த தடத்துக்குத் திசை மாற்றிப் பின்பக்கமாய் ஏறத் தொடங்கியதும் மூக்கு கீழே போயிற்று, தண்ணீரும் முன்னால் ஓடிற்று, கண்ணாடி காலி. அடுப்புக்கு மேலே இருக்கும் தகடு தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் பாய்லரே வெடிக்கும். கேலன் பாய்ந்து வண்டியைக் கீழே இறக்கி, தண்ணீரைத் திறந்தான். பெட்டியில் இருந்தவர்கள் போட்டோ எடுக்கத்தான் நிறுத்தினோம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கீழே வந்ததும், “மிஸ் வெர்லீன், உங்களுக்காக என் ரொட்டியக்கூட விட்டுக்குடுப்பேன், இத விடமாட்டேன்”னு சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு அழுதேன். ஆனால் அவன் மேல் கோபமே வரவில்லை, வண்டியில் அறுபது பேர் இருந்தார்கள். மறுநாள் டூசானுக்குப் புறப்பட அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து, உன் அப்பாவின் கோட்டை மடித்து முதல் பெட்டியில் வைத்தேன்.

அப்புறம் ஒரு மாதம் பொழுது விடியுமுன் எஞ்சின் ஷெட்டுக்குப் போய்க் கரி அள்ளிப் பழகினேன். நேற்று இரண்டாம் தடவை, அதற்கு மேல் வாய்ப்புத் தரமாட்டார்கள். கண்ணாடி முக்கால் காட்டியும் நம்பாமல் இன்னும் தண்ணீர் விட்டேன். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகப் போக நீராவி இறங்கிற்று, வண்டி திணறிற்று, கேலன் திரும்பிப் பார்த்தான். தண்ணீரை நிறுத்தினால் வண்டி நன்றாய் ஏறும், எல்லாரும் மெச்சுவார்கள். நான் நிறுத்தவில்லை. முனையில் திசை மாறியதும் கண்ணாடியைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது பாதிக் குழாய் தண்ணீர் நின்றது டிரெஸ்ஸா! கொஞ்சம் அதிகமாகவே விட்டிருக்கிறேன் போல, புகைபோக்கி வழியே கறுப்புத் தண்ணீர் தெறித்து, எஞ்சினை ஒட்டிய ரயில் பெட்டியில் ஒரு அம்மாளின் வெள்ளைத் தொப்பி புள்ளி புள்ளியாகிவிட்டது. இறங்கும்போது அவள், “இதுவும் டிக்கெட்லயே சேத்தியா?”ன்னு கேட்டாள். கேலன் சிரித்துக்கொண்டே, “தொப்பிய தொவச்சுக்கலாம்மா, தகட்டத் தொவைக்க முடியாது”ன்னு சொல்லிவிட்டு என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். ஓமா ஸ்டேஷனில் நின்று என்னைவிட அதிகமாக அழுதாள்.

ஆக, நான் வீட்டை விற்கவில்லை கண்ணே. எனக்கென்று நீ ஒதுக்கிய அறைக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கிறாய், படத்தைத் தினமும் பார்க்கிறேன், வேண்டாம் என்று எழுத நெஞ்சு வலிக்கிறது. உன்மேல் பிரியம் குறைந்து சொல்லவில்லை. இங்கே மறுபடி யாரோ என்னை நம்பி மலை ஏறுகிறார்கள், அது எனக்கு வேண்டியிருக்கிறது. பனிக்காலத்தில் பாய்லர் தண்ணீரை வடித்து ரயிலை நிறுத்திவிடுவார்கள், அப்போது எனக்கு வேலையில்லை. ஜனவரியில் வந்து மூன்று மாதம் அந்த மஞ்சள் அறையில் கால் நீட்டிப் படுப்பேன், நீ சமைத்துப் போடு.

கடவுள் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இருமலுக்குத் தேன் குடி. அப்பாவின் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டேன். மறக்காமல் ஒன்று செய், எனக்கு விமான டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடு, ஏப்ரலில் அடுப்பு மூட்ட நான் இங்கே இருக்க வேண்டும்.

கை நிறையக் கரியோடு,
உன் அம்மா
வெர்லீன் கின்னிசன், ஃபயர்மேன்