எங்கள் வீட்டுக்கு மனோ

12-6-79
பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் படகில் மனோரமா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கரை வந்தும் நான் எழுப்பவில்லை. "ஏன்டி எழுப்பல, பெல்லு அடிச்சிட்டாங்க" என்று கோபித்துக்கொண்டாள். ஏன் எழுப்பவில்லை?

20-6-79
தெரிந்துவிட்டது. இது வெறும் சிநேகிதம் இல்லை. அவள் மேல் எனக்கு ஆசை. யாரிடம் சொல்வது, அவளிடமா? நல்ல கதை.

3-7-79
ஆரம்பாக்கத்திலிருந்து மனோவைப் பெண் கேட்டு வந்தார்களாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். "போனா இன்னாடி, பஸ்ஸு இருக்குல்ல."
எனக்குச் சோறு இறங்கவில்லை.

5-7-79
வீட்டில் வரதன் அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சு. எங்கள் ஊரில் கல்யாணமான ஆம்பிளைக்குத்தான் ஏரியில் பாடு, அதாவது சொந்தமாக வலை போடும் உரிமை. யாருக்கு ஏரியில் எந்த இடம் என்று சீட்டுக் குலுக்குவதற்குள் தாலி கட்டாவிட்டால் இன்னொரு வருஷம் அண்ணன் நைனாவோடுதான் வலை இழுக்கணும். "இந்த அவசரத்துக்குப் பொண்ணுக்கு எங்க போறது"ன்னு அம்மா புலம்பினாள்.
"மனோ இருக்காளே."
நான்தான் சொன்னேன். என்னை யாரும் கேட்கக்கூட இல்லை. ஆரம்பாக்கம் போகமாட்டாள், இங்கேயே இருப்பாள், ஒரே அடுப்பு — அவ்வளவுதான் யோசித்தேன்.

30-8-79
கல்யாணம். முதல் முடிச்சு அண்ணன் போட்டான். மற்ற இரண்டும் நாத்தனார் போடணும். நாத்தனார் நான். "இறுக்கிப் போடு"ன்னாள் அம்மா.
இறுக்கித்தான் போட்டேன்.

2-9-79
"மனோ"ன்னு கூப்பிட்டேன். அம்மா அதட்டினாள்: "இன்னா மனோ? அண்ணின்னு கூப்புடு." வாயில் வரவில்லை. அவள் தலை நிமிராமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

3-9-79
படகில் தனியாகப் போனேன். அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

7-10-79
சீட்டில் அண்ணனுக்கு நல்ல இடம் விழுந்தது. கூடை கூடையாக இறால். வாசலில் அண்ணனின் சைக்கிள் சத்தம் கேட்டாலே மனோ முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள். என்னிடம் வந்து, "உன்னாலதான்டி நான் நல்லா இருக்கேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறையணும்போல் இருந்தது. அப்புறம் அழுதேன். நானே தேடிக்கொண்டது, யாரை நோக?

20-1-80
அதே ஆரம்பாக்கத்து மாப்பிள்ளைக்கு இப்போது என்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். என் பேரைச் சொன்னதே மனோதானாம். அவளே பெருமையாகச் சொன்னாள்.
"நல்ல இடம்டி. நெனச்சா வந்துட்டுப் போலாம், பஸ்ஸு இருக்குல்ல."
"சரி அண்ணி" என்றேன்.
அண்ணி என்று இன்றைக்குத்தான் தடங்கலில்லாமல் வாயில் வந்தது.